லியாவ் வாத்தியாருக்கு ஏற்றிய ஊதுவத்தி

பீஷியாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் கையைப் பற்றித்தான் சொல்வார்கள். எங்கள் கடற்கரை முழுக்கப் பால்கெண்டைக் குளங்கள். ருசியான மீன்தான், ஆனால் ஒரு மீனில் இருநூறு முள்ளுக்கு மேல். முள் எடுத்துக் கொடுத்தால்தான் பட்டணத்துக்காரர்கள் வாங்குவார்கள். சந்தைக் கொட்டகையில் அந்த வேலையை நாற்பது வருஷமாகச் செய்கிறவள் பீஷியா. வாய் ஊர் வம்பை அளந்துகொண்டிருக்கும், கண் வருகிற போகிறவர்களை மேய்ந்துகொண்டிருக்கும், கை தன் பாட்டுக்கு முள்ளை உருவிப் போட்டுக்கொண்டே இருக்கும். அவள் கொடுத்த மீனில் முள் இருந்தது என்று இதுவரை ஒருத்தரும் வந்து சண்டை போட்டதில்லை. அப்படிச் சொன்னபடி கேட்கிற கை.

நான் தெங். ஊருக்கு வெளியே உப்பளத்தை ஒட்டி நிற்கிற அஸ்திக் கோபுரத்தைப் பார்த்துக்கொள்கிறவன். நாலு மாடி. ஒவ்வொரு மாடியிலும் சுவர் முழுக்கக் குட்டிக் குட்டி மாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. உள்ளே ஒரு ஜாடி, ஜாடிக்குள் ஒரு ஆள். கதவில் பெயர். பெருக்குவது, துடைப்பது, லிஃப்ட் நின்றுபோனால் வருகிறவர்களிடம் திட்டு வாங்குவது, இதுதான் என் உத்தியோகம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் தப்புச் செய்தவன் நான். பிறகு யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு உலுக்க வேண்டாம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இலையுதிர்காலப் பௌர்ணமியன்று வருகிற நிலாத் திருநாளுக்கு நாலு நாள் கழித்து, பீஷியாவின் புருஷனைக் கொண்டுவந்து இரண்டாம் மாடியில் வைத்தார்கள். குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்த மனுஷன், நின்றபடியே போய்விட்டான். வந்த கூட்டமெல்லாம் ஒன்றையே குசுகுசுத்தது. ஒரே மகள் யாயுன் வரவில்லை. தெற்கே காவ்ஷியுங் பட்டணத்தில் வேலை. ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம்தான். சாவுக்கும் வரவில்லை, எடுக்கிற அன்றைக்கும் வரவில்லை.

அன்றைக்கு அவளே அம்மாவுக்கு ஃபோன் பண்ணினாள். பீஷியா மாடிப்படியில் நின்று பேசினாள். அந்தக் கட்டடத்தில் ஒரு மாடியில் பேசினால் நாலு மாடிக்கும் கேட்கும்.

"அம்மாவா? யாருக்கு அம்மா? உங்கப்பாவைக் கொண்டாந்து வச்சேன், கூடவே உன்னையும் வச்சாச்சு. எனக்குப் பொண்ணு செத்துட்டா. இனி ஃபோன் பண்ணாதே."

சொல்லிவிட்டு ஃபோனை அணைத்தாள். கூட்டம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கலைந்து போனது. அவள் மட்டும் புருஷன் மாடத்துக்கு முன்னால் நின்றாள். நான் துடைப்பத்தோடு தூணுக்குப் பின்னால். அப்போதுதான் அவள் பார்வை பக்கத்தில் போனது, இரண்டு கதவு தள்ளி. 'லியாவ் ஜின்தூ' என்று தங்க எழுத்தில் பெயர்.

"ஐயோ, சார்!" என்று கத்தினாள் பாருங்கள், புருஷனுக்குக்கூட அப்படிக் கத்தவில்லை. கதவில் தலையை வைத்து அழுதாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, வாத்தியார் எப்ப போனாரு?"

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். லியாவ் யாரென்று எனக்கு என்ன தெரியும்? பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். புது ஆள், ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாளோ என்று கௌரவம் தடுத்தது. "அவரா? ஆச்சு, கொஞ்ச நாளாச்சு" என்றேன். முகத்தையும் தொங்கப்போட்டுக்கொண்டேன். அந்தத் திருட்டு முகத்துக்கு என்னை எத்தனை அடித்தாலும் தகும்.

அன்றைக்கே வாத்தியார் கதையைச் சொன்னாள். அவள் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்குள் வீட்டுப் பேச்சுப் பேசக் கூடாது, சர்க்கார் பாஷைதான் பேச வேண்டும். வாய் தவறினால் கழுத்தில் ஒரு மரப்பலகையை மாட்டிவிடுவார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் பலகை அவள் கழுத்தில். பிள்ளைகள் சுற்றி நின்று நாய் மாதிரி குரைத்தார்கள். லியாவ் வாத்தியார் வந்தார், பலகையைக் கழற்றினார், தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மணி அடிக்கிறவரை அப்படியே பாடம் நடத்தினார். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்தும் கழற்றவில்லை. அடுத்த வருஷம் அவரை மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள், பீஷியாவை அவள் வீட்டில் பள்ளியிலிருந்து நிறுத்தி மீன் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அவரை அவள் பார்த்ததே இல்லை.

"நான் மனுஷின்னு எனக்கே சொன்னது அவருதான், தெங் அண்ணே" என்றாள்.

அதிலிருந்து மாதத்தில் இரண்டு நாள், அமாவாசைக்கு மறுநாளும் பௌர்ணமி அன்றைக்கும், காலை ஒன்பது மணிக்கு டாண் என்று வந்துவிடுவாள். புருஷனுக்கு ஒரு ஊதுவத்தி, வாத்தியாருக்கு மூன்று. புருஷனிடம் இரண்டு வார்த்தை, வாத்தியாரிடம் அரை மணி நேரம். பேச்சு முடிந்ததும் பையிலிருந்து பிறைக்கட்டை இரண்டை எடுப்பாள், பிறை மாதிரி செதுக்கின மரத்துண்டுகள். எங்கள் பக்கம் செத்தவர்களிடமும் சாமியிடமும் கேள்வி கேட்பது அப்படித்தான். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. கேள்வியைச் சொல்லிக் கீழே போட்டால், ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் 'ஆமாம்'. இரண்டும் கவிழ்ந்தால் 'வேண்டாம்'. இரண்டும் மல்லாந்தால் அந்தப் பக்கத்து ஆள் சிரிக்கிறார், ஒழுங்காகக் கேள் என்று அர்த்தம்.

பெரிய ஐஸ் பெட்டி வாங்கலாமா என்று கேட்டாள், ஆமாம். கண்ணில் புரை எடுக்கலாமா, ஆமாம். சந்தைத் தலைவன் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறான், அவனைக் கட்டிக்கொள்ளலாமா என்றும் ஒருநாள் கேட்டாள். இரண்டு கட்டையும் மல்லாந்து விழுந்தன. அவளும் சிரித்தாள், தூணுக்குப் பின்னால் நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி இருந்தது. புதுவருஷத்துக்கு முன்னால் ஒருமுறை, நிலாத் திருநாளுக்கு ஒருமுறை தவறாமல் கேட்பாள். "சார், யாயுனைப் போய்ப் பார்க்கட்டுமா?" அன்றைக்கு மட்டும் கட்டை தரையில் விழுகிறவரை நான் பெருக்குவதை நிறுத்திவிடுவேன். இரண்டும் கவிழ்ந்து கிடக்கும். மறுபடி போடுவாள், கவிழும். மூன்றாவது முறையும் கவிழும். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவாள். அன்றைக்குச் சந்தையில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். மகளின் முகவரியை யாரோ தோழியிடம் வாங்கிப் பர்சில் மடித்து வைத்திருந்தாள். மடித்த இடம் கிழிந்து, மறுபடி எழுதி, அதுவும் கிழிந்து, மூன்றாவது காகிதம் அது.

இந்த வருஷத்து நிலாத் திருநாள். காலை ஒன்பது மணி. எல்லோரும் வீட்டில் பிள்ளை குட்டிகளோடு இருக்கிற நாள், கோபுரத்தில் ஈ காக்கை இல்லை. பீஷியா ஊதுவத்தி ஏற்றினாள், கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள், கட்டையைக் கையில் எடுத்தாள். வாயைத் திறக்கிறாள், லிஃப்ட் மணி அடித்தது.

கதவு திறந்தது. ஜாவாக்காரப் பெண் ஒருத்தி, முதியோர் இல்லத்துப் பணிப்பெண் உடுப்பில், ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் ஒரு கிழவர். எண்பது இருக்கும். காதோரம் பஞ்சுபோல நாலு முடி. கால்மேல் கம்பளி. சுவரையெல்லாம் பார்க்கவில்லை, நேரே பீஷியாவைப் பார்த்தார்.

"போடாதே. இன்னிக்கு வாயாலயே கேளு" என்றார். வகுப்பறைக் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல்.

பீஷியா திரும்பினாள். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். கட்டை கையிலேயே இருந்தது. "யாரு?" என்றாள், சத்தமே வரவில்லை.

"பத்துப் பதினோரு வருஷமா மாசத்துல ரெண்டு நாள் என் கஞ்சியைக் கெடுத்துட்டு யாருன்னு கேக்கறியா? கதவுல எழுதியிருக்கே, படி."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உயிரோடு இருக்கும்போதே மாடம் வாங்கி வைக்கிற பணக்காரர்கள் உண்டு. ஜாடிக்குள் ஆளுக்குப் பதில் அவர் தலைமுடி, நகம், பழைய சட்டை. ஆயுசு கூடும், பிள்ளைகளுக்குத் தொழில் பெருகும் என்று நம்பிக்கை. அந்த மாடத்துப் பெயரின் மேல் சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கும், ஆள் இன்னும் வரவில்லை என்று அடையாளம். நான் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு மழைநாளில் இரண்டாம் மாடித் தரையில் ஒரு சிவப்புக் காகிதம் கிடந்தது. எந்தக் கதவிலிருந்து விழுந்தது என்று தேடச் சோம்பல். நாளைக்குப் பார்க்கலாம் என்று மேசை இழுப்பறையில் போட்டேன். அன்றைக்கு வரைக்கும் அங்கேயேதான் கிடந்தது.

உயிரோடிருக்கிறவருக்கு ஊதுவத்தி! எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஆளைப் பாதி அந்தப் பக்கம் இழுத்துவிடுகிற காரியம். ஓடிப்போய் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டேன். "ஐயா, நான்தான்யா, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எழுந்திரிப்பா. முட்டி வலிக்கப்போகுது" என்றார் லியாவ் வாத்தியார்.

பணிப்பெண் பெயர் வார்சி. மீதியை அவள்தான் சொன்னாள். "தாத்தா நல்லா இருப்பாரு. மாசம் ரெண்டு நாள், காலைல ஒம்போது மணிக்கு, கஞ்சி ஸ்பூன் வாயில இருக்கும், அப்படியே தூங்கிடுவாரு. எழுப்பினா எழ மாட்டாரு. ரூம்ல ஊதுவத்தி வாசம் வரும். எங்க இல்லத்துல ஊதுவத்தியே கிடையாது, நெருப்புன்னு பயம். எழுந்ததும் வயிறு ரொம்பிடுச்சும்பாரு, கஞ்சி வேணாம்பாரு. ஒருநாள் காலர்ல சாம்பல்."

"கடலை மிட்டாயை நிறுத்து மொதல்ல" என்றார் வாத்தியார் பீஷியாவிடம். "எனக்குப் பல்லு போயி ஆறு வருஷமாச்சு. முழிச்சா தாடை வலிக்குது. அந்தச் சந்தைத் தலைவன் விஷயம் கேட்டியே, சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துடுச்சு."

அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. பீஷியா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "சார், நான் உங்களைக் கொன்னுட்டேனா சார்?" என்று குழந்தை மாதிரி அழுதாள்.

"கொன்னிருந்தா இவ என்னை லிஃப்ட்ல தள்ளிட்டு வந்திருப்பாளா? இந்த மாடத்தை வாங்கி வச்ச என் மகன் இத்தனை வருஷமா விடல. சொந்த மாடத்தைப் போய்ப் பாக்கறது ஆகாதாம். இன்னிக்கு அவன் ஊர்ல இல்ல, இவளைக் கெஞ்சிக் கூத்தாடி வந்தேன். யாரு என்னை இப்படி விடாம கூப்பிடறதுன்னு பாக்கணும்போல இருந்துச்சு. கேளு, என்னமோ கேக்க வந்தியே."

பீஷியா கண்ணைத் துடைத்தாள். அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. அவள் சுபாவம் அது. "என்னத்தைக் கேக்கறது? அதான் சொல்லிட்டீங்களே. யாயுனைப் போய்ப் பாக்கட்டுமான்னு வருஷா வருஷம் கேட்டேன். வேண்டாம் வேண்டாம்னீங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் நானும் கல்லு மாதிரி இருந்துட்டேன்."

"நானா? நான் போன்னுல்ல சொன்னேன்!"

"இல்ல சார், வேண்டாம்னுதான் விழுந்துச்சு. மூணு மூணு தடவை."

வார்சி குறுக்கே புகுந்தாள். "ஐயோ, போ, போன்னு கத்துவாரு அக்கா! வருஷத்துல ரெண்டு நாள். தூக்கத்துலயே கையை ஆட்டி ஆட்டி. நான் என்னைத்தான் விரட்டறாருன்னு வெளிய போயி நின்னுடுவேன்."

ஊதுவத்தி மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. வாத்தியாருக்குக் கண் செருகிச் செருகி வந்தது. வார்சி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் பாய்ந்துபோய் ஊதுவத்தியைப் பிடுங்கித் தண்ணீரில் அமுக்கினேன். அவர் தலையை நிமிர்த்தி, விட்ட இடத்திலிருந்தே பேசினார்.

"நான் போன்னு சொல்றேன். கட்டை வேண்டாம்னு விழுது. நடுவுல யாரு இருக்கா, பீஷியா?"

அவள் தன் புருஷனின் மாடத்தைப் பார்த்தாள்.

"அவனை ஏன் பாக்கறே? பாவம், அவன் பேசாம கிடக்கான். கட்டை யாரு கையிலேர்ந்து விழுந்துச்சு?"

"என் கையிலேர்ந்துதான்."

"சரி. இப்ப ஒண்ணு கேளு. நான் செத்துட்டேனான்னு கேளு."

"சார்! என்ன பேச்சு இது, திருநாள் அதுவுமா!"

"கேளுன்னா கேளு. பலகை மாட்டணுமா?"

அவள் கை நடுங்கவில்லை. அந்தக் கை எதற்கும் நடுங்காது. "லியாவ் வாத்தியார் செத்துட்டாரா?" என்று சொல்லிக் கட்டையைப் போட்டாள். ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது. ஆமாம். கிழவர் எதிரே உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறார், கட்டை ஆமாம் என்கிறது. இன்னொரு முறை போடச் சொன்னார். ஆமாம். மூன்றாவது முறையும் ஆமாம். வார்சி ஏதோ அவள் பாஷையில் முணுமுணுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ நாற்காலியில் இருப்பது யார் என்றே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

வாத்தியார் மட்டும் தலையை ஆட்டினார். "இருநூறு முள்ளைப் பாக்காமலே உருவுற கையாமே உன் கை. உன் மனசு என்ன நினைக்குதோ அதை அந்தக் கை செஞ்சுடும், உனக்கே தெரியாம. நான் செத்தவனாவே இருக்கணும் உனக்கு. செத்தவன் எதிர்த்துப் பேச மாட்டான், ஏன்டின்னு கேக்க மாட்டான், கதவைச் சாத்த மாட்டான். உயிரோட இருக்கறவங்ககிட்டதான் பயம்."

"பெரிய பேச்சுப் பேசாதீங்க சார்" என்று சீறினாள். "உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க. பெத்த அப்பன் சாவுக்கு வரல அவ. நானா அவளை வர வேண்டாம்னேன்?"

"ஏன் வரலைன்னு கேட்டியா?"

"என்ன காரணம் இருந்தா என்ன?"

"அவகிட்ட கேட்டியா?"

அவள் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து மடித்தாள்.

"போகட்டும், இங்க வந்து என்கிட்டயாவது அதைக் கேட்டியா? ஐஸ் பெட்டிக்குக் கேட்டே, கண்ணு ஆபரேஷனுக்குக் கேட்டே."

"அது ஆமா, இல்லன்னு சொல்ற கேள்வி இல்லையே சார். கட்டையைப் போட்டு எப்படிக் கேக்கறது?"

"அதுக்குத்தான் மனுஷாளுக்கு வாய். நல்லா வசதியா ஒரு வழி கண்டுபிடிச்சே போ. பதிலே வர முடியாத இடத்துல நின்னுக்கிட்டுப் பதினோரு வருஷம் கேட்டுட்டே."

பீஷியா குனிந்துகொண்டாள். "நீங்களே இப்படிச் சொன்னா எப்படி சார்? உங்களை நான் சாமியா நினைச்சேன். அன்னிக்குப் பலகையைக் கழட்டி..."

"அதையும் சொல்லிடறேன்" என்றார். முதல்முறையாக அந்தக் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பலகையைக் காலைல உன் கழுத்துல மாட்டினதே நான்தான். உனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு. மத்தியானம் எங்கம்மா கிராமத்துலேர்ந்து சாப்பாட்டு டப்பா எடுத்துட்டு வந்து பள்ளிக்கூட வாசல்ல நின்னாங்க. அவங்களுக்கு வீட்டுப் பேச்சைத் தவிர ஒண்ணும் தெரியாது. நானும் அதுலயே பதில் சொன்னேன். திரும்பிப் பாத்தா நீ நிக்கறே, கழுத்துல பலகையோட. நான் பேசினதைக் கேட்டுட்டே. அந்தக் கண்ணைப் பாத்துட்டு வெக்கம் தாங்கல. அதான் மாட்டிக்கிட்டேன். உன்மேல இரக்கப்பட்டு இல்ல. நீ யாருக்கோ ஊதுவத்தி ஏத்திட்டு இருந்தே, பீஷியா. அப்படி ஒரு ஆளு இருந்ததே இல்ல."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "வெக்கப்பட்டாவது கழட்டினீங்களே சார்" என்றாள்.

"நானே தப்பைப் பண்ணினேன், நானே திருத்தினேன், ஒரே நாள்ல. ஒரே நாள்ல பண்ணினதாலதான் முடிஞ்சுது. ஒரு வாரம் போயிருந்தா நானும் ஏதாவது சாமியைக் கேட்டுட்டு உக்காந்திருப்பேன். உனக்கு ஏற்கெனவே பதினோரு வருஷம் ஆச்சு. இன்னும் ஏன் உக்காந்திருக்கே?"

கிளம்புவதற்கு முன்னால் தன் மாடத்தைத் திறந்து காட்டச் சொன்னார். ஆகாது என்றேன். கேட்கவில்லை. சாவி போட்டுத் திறந்தேன். மாடம் வாங்கின நாளிலிருந்து பதிமூன்று வருஷமாகத் திறக்காத கதவு. உள்ளே பச்சை ஜாடி. தூசி துடைக்கலாம் என்று தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். ஜாடி வெதுவெதுவென்று இருந்தது, இப்போதுதான் கஞ்சி ஊற்றிய கிண்ணம் அளவுக்கு. வாத்தியார் கையை நீட்டி அதன் வயிற்றில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார். "சாத்துப்பா. சிவப்புக் காகிதத்தை ஒட்டு. இவ அடுத்த பௌர்ணமிக்கு வந்தா உள்ள விடாதே, எனக்குக் கஞ்சி குடிக்கணும்."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. பீஷியா பிறைக்கட்டையைத் தரையிலேயே விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "அண்ணே, உன் வண்டில டீசல் இருக்கா?" என்றாள்.

செய்த பாவத்துக்கு அதுகூடச் செய்யாமல் இருப்பேனா? கோபுரத்தைப் பூட்டினேன். என் ஓட்டை வேனில் காவ்ஷியுங்குக்குப் புறப்பட்டோம். வழியில் ஒரு கடையில் நிறுத்திப் பம்பளிமாஸ் இரண்டு வாங்கினோம், திருநாளுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. பாதி வழியில் அவள் மடியைப் பார்த்தேன். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் இன்னொரு கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள், அப்படியும் நிற்கவில்லை. "இது என் பேச்சைக் கேக்கல அண்ணே" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பழைய அடுக்குமாடி. நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு மாடிப் படியிலும் நின்று, திரும்பிவிடலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் பம்பளிமாஸ் பையோடு பின்னால் அடைத்துக்கொண்டு நின்றேன். கதவு மணியையும் நான்தான் அழுத்த வேண்டியிருந்தது.

ஒரு பெண் குழந்தை கதவைக் கால்வாசி திறந்தது. இரட்டைப் பின்னல், கையில் பாதி தின்ற கேக். "யாரு வேணும்?"

பீஷியாவுக்கு இப்படி ஒரு குழந்தை இருப்பதே தெரியாது. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று கதவு எண்ணைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். செத்துப்போன புருஷனின் மூக்கு அப்படியே அந்த முகத்தில் இருந்தது. "யாயுன்... உங்கம்மாவா?" என்றாள். "நான் உன் பாட்டி, கண்ணு."

குழந்தை கொஞ்சமும் பயப்படவில்லை. தப்பான வீட்டுக்கு வந்தவர்களுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னது. "எங்க பாட்டி செத்துப் போயிட்டாங்களே."

"யாரு சொன்னது?"

"அம்மா. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தாத்தாவும் பாட்டியும் ஒரே நாள்ல போயிட்டாங்களாம்."

நான் பின்னாலிருந்து பீஷியாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் படியில் உருண்டிருப்பாள். உள்ளே தண்ணீர்க் குழாய் நின்றது. "யாருடி அது?" என்று கேட்டுக்கொண்டு ஈரக் கையோடு யாயுன் வந்தாள். அம்மாவைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கோபுரத்தில் லிஃப்ட் திறந்தபோது பீஷியாவின் முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது அவள் முகம்.

பீஷியா வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கடைசியில் கேட்டுவிட்டாள். "உங்கப்பா சாவுக்கு நீ ஏன் வரல?"

யாயுன் அந்தக் குழந்தையைத் தன் பக்கம் இழுத்து, தலைமேல் ஈரக் கையை வைத்தாள். "உனக்கு என்ன வயசுன்னு சொல்லு."

"பத்தரை" என்றது குழந்தை.

"வயித்துல இவ இருந்தா" என்றாள் யாயுன். "கல்யாணம் ஆகல. பிள்ளைத்தாச்சி சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, குழந்தைக்கு ஆகாதுன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லி வளத்தது யாரு? நீதானே அம்மா. அதைச் சொல்லத்தான் அன்னிக்கு ஃபோன் பண்ணினேன். நீ சொல்லவிடல."

பீஷியா அந்த நடுங்குகிற கையை நீட்டினாள். தொடலாமா என்று தெரியாமல் பாதி வழியில் நிறுத்தினாள். குழந்தை ஒருத்தி முகத்தையும் இன்னொருத்தி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்ப இவங்க சாகலையா அம்மா?" என்று கேட்டது.

யாயுன் கதவை முழுசாகத் திறந்துவிட்டு விலகி நின்றாள்.